நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது?



இந்த வருஷம் நம் சபையில் எழுப்புதலின் காற்று வீச வேண்டும் என்று மாதக்கணக்காய் ஜெபித்து வருகிறோம். முழு இராத்திரி ஜெபங்களில் தரையில் விழுந்து, காற்றை அனுப்பும் ஆண்டவரே என்று கதறுகிறோம். நல்ல ஜெபம்தான். யோவான் 3-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நிக்கொதேமுவுக்கு ஆவியினால் பிறப்பதைப் பற்றிச் சொல்லும்போது காற்றைக் காட்டித்தானே விளக்கினார்! எபிரெயத்தில் ரூவாக், கிரேக்கில் நியூமா. இரண்டுக்குமே காற்று, சுவாசம், ஆவி என்று மூன்று அர்த்தமும் உண்டு. வேதாகமக் கல்லூரியில் முதல் வருஷமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் காற்று வந்த பிறகு பாயை என்ன செய்ய வேண்டும்? அதைப் படகுக்காரனிடம்தான் கேட்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்குள்ளே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று ஒன்று 1911 முதல் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. பணக்காரர் விளையாட்டு என்று போய்விடுவோம். ஆனாலும் பாய்ப் படகுப் போட்டியைப் பற்றி நான் தேடிப் படித்தபோது, ஆவியானவர் என்னோடு பேசினதை உங்களுக்கு மறைக்கக் கூடாது.

1983-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் கடலில் இரண்டு படகுகள். ஒன்று அமெரிக்காவின் லிபர்ட்டி, மற்றது ஆஸ்திரேலியா-2. அமெரிக்காஸ் கப் என்கிற கோப்பை 1851-ல் அமெரிக்கர் கைக்குப் போனது. 132 வருஷம் அதை ஒருவராலும் அவர்களிடமிருந்து பறிக்க முடியவில்லை. அந்த வருஷமும் லிபர்ட்டி மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்தது. இன்னும் ஒன்று ஜெயித்தால் போதும். ஆஸ்திரேலியர் அடுத்த இரண்டையும் ஜெயித்து மூன்றுக்கு மூன்று ஆக்கினார்கள். கடைசி ஓட்டத்தில், ஐந்தாம் கட்டம் தொடங்கும்போது அவர்கள் 57 விநாடி பின்னால் கிடந்தார்கள். காற்றோ மெல்லியது. அந்த ஒரே கட்டத்தில் அவர்கள் முந்தினார்கள்! கடைசிக் கட்டத்தில் லிபர்ட்டியின் தலைவர் டென்னிஸ் கானர் நாற்பது தடவைக்கு மேல் படகை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்ப முடியவில்லை. 41 விநாடி வித்தியாசத்தில் கோப்பை கைமாறியது.

இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே பகல். ஒருவருக்கு மட்டும் விசேஷித்த காற்றைத் தேவன் பார்சல் அனுப்பவில்லை. தண்ணீரின் மேல் காற்று எங்கே கொஞ்சம் கூடுதலாய் இருக்கிறதென்று கண்டு அங்கே போனார்கள்; வந்த காற்றைப் பாய் வீணாக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது பலூன் போலப் பெரிய பாய் ஒன்றை விரிப்பார்கள். அதைப் பிடித்திருக்கிற ஆள் அதன் ஓரம் லேசாய் மடங்கும்வரை கயிற்றை விட்டு, மடங்கினவுடனே கொஞ்சம் இழுத்து, மறுபடியும் விட்டு, மறுபடியும் இழுத்து, கண்ணை எடுக்காமல் இதையே செய்துகொண்டிருப்பான். ஒருதரம் கட்டிவிட்டுப் போய் உட்காருகிற வேலையே அங்கே கிடையாது. நம்மில் சிலர் 1994-ல் அபிஷேகம் பெற்ற அன்று கட்டின கயிற்றை இன்றுவரை தொடவில்லை!

பாயின் கீழ்மூலையில் கட்டியிருக்கிற கயிற்றை நம் கடற்கரை ஜனங்கள் தாமான் என்பார்கள். இழுத்தால் பாய் உள்ளே வரும், விட்டால் வெளியே போகும். அது மிஞ்சித் தளர்ந்தால் என்ன ஆகும்? பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவன் பேச்சு காதில் விழாது, கம்பம் குலுங்கும், கயிறு சாட்டை மாதிரி வீசும். கரையில் நிற்கிறவன் பார்த்தால், அடேயப்பா, என்ன வல்லமை என்பான். படகு நகராது.

தேவபிள்ளையே, நான் ஆராதனையில் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. நான் பெந்தெகொஸ்தேகாரன்! அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்திலும் பெரிய முழக்கம் இருந்தது. ஆனால் அது வானத்திலிருந்து வந்த முழக்கம், காற்றின் சத்தம். பாயின் சத்தம் வேறே. அன்றைக்குக் காற்று வந்தது, அதே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள், இல்லாதவனோடு இருக்கிறவன் பகிர்ந்துகொண்டான். படகு நகர்ந்தது ஐயா! இரண்டு மணி நேரம் அந்நிய பாஷையில் பேசிவிட்டு, கூடப்பிறந்தவனோடு ஒன்பது வருஷமாய்ப் பேசாத ஒரு விசுவாசியின் பாய் எப்படி இருக்கிறதென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏசாயா 33-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். கயிறுகள் தளர்ந்த கப்பலைப் பற்றித் தீர்க்கதரிசி சொல்லுகிறார்: பாய்மரத்தை உறுதியாய் நிறுத்தவும் முடியவில்லை, பாயை விரிக்கவும் முடியவில்லை.

தளர்ந்த பாயைப் பற்றி எல்லா ஊழியரும் பிரசங்கிப்பார்கள். எனக்குப் பாரமாயிருப்பது மற்றது. தாமானை மிஞ்சி இழுத்தால்?

சத்தமே இராது. பாய் பலகை மாதிரி விறைப்பாய், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பார்க்க அத்தனை அழகாய் நிற்கும். படகு ஒரு பக்கமாய்ச் சாயும், சாய்ந்தவுடனே உள்ளே இருக்கிறவன் வேகமாய்ப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வான். ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகும். ஏன்? பாய் என்பது காற்றைத் தடுத்து நிற்கிற சுவர் அல்ல, அது பறவையின் செட்டை. காற்று அதன் இரண்டு பக்கத்திலும் ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால்தான் இழுவிசை உண்டாகும். அதிகமாய் இழுத்துக் கட்டினால், பின்பக்கத்துக் காற்று பாயோடு ஒட்டாமல் பிரிந்து, சுழன்று, வீணாய்ப் போய்விடும். தளர்ந்த பாய் தன் குற்றத்தைக் கூவிச் சொல்லும். இறுகின பாய் சொல்லாது. அதனால்தான் போட்டிக்காரர் புதிதாய் வருகிறவனுக்கு முதலாவது கற்றுக்கொடுப்பது: சந்தேகமா, விட்டுப்பார். பாய் நடுங்கத் தொடங்கும்வரை விடு, நடுக்கம் நிற்கிற அளவுக்கு மட்டும் இழு.

சரி, இறுகினதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் என் உள்ளம் நொறுங்கியது. பாயின் முன்னோரத்துக்குச் சற்றுப் பின்னே, இரண்டு பக்கத்திலும் சின்னக் கம்பளி நூலை ஒட்டிவைப்பார்கள். லட்சக்கணக்கில் செலவு பண்ணின படகில் அரைமுழம் நூல்! இரண்டு நூலும் நேராய்ப் பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாயிருக்கிறது. காற்று வருகிற பக்கத்து நூல் மேலே துள்ளினால் பாய் தளர்ந்திருக்கிறது, இழு. மறுபக்கத்து நூல் தொங்கிச் சுழன்று ஆடினால் பாய் இறுகியிருக்கிறது, விடு. இந்த மறுபக்கத்து நூலோ, காற்றுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நேராய்த் தெரியாது. பாய்த்துணிக்கு ஊடாக நிழலாய்த்தான் தெரியும். கவனித்தாலொழிய அகப்படாது.

வீட்டுத் தலைவனே, உன் இறுக்கத்தைக் காட்டுகிற நூல் உன் பக்கத்தில் ஒட்டியில்லை. உன் மனைவியின் முகத்தில் இருக்கிறது. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் அறைக்குள் போய்விடுகிற உன் பிள்ளையிடத்தில் இருக்கிறது. சபை மூப்பரே, உம்முடைய நூல் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நம் சபைக்கு ஒரு சகோதரி மூன்று வாரம் வந்தார். தலையில் பூ, காதில் கம்மல். சாட்சி நேரத்தில் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் வரவில்லை. ஆராதனையில் குறையில்லை, பாட்டில் குறையில்லை, தேவசமுகம் இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது யாரோ ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். சொன்னவர் யாரென்று நான் விசாரிக்கவும் இல்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. அப்போஸ்தலர் 15-ல் பேதுரு எழுந்து நின்று, நம் பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை இந்தச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்ற கருத்தில் கேட்டாரே, அந்தக் கேள்வி எருசலேமோடு முடிந்துபோனதா?

உடனே சிலர், பாஸ்டர் பிரதிஷ்டையை விட்டுவிடச் சொல்லுகிறார் என்று வீடுவீடாய்ப் பேசுவீர்கள், தெரியும். இல்லை. தாமானை அவிழ்த்துவிட்ட படகு எங்கும் போகாதென்று மேலே எழுதியிருக்கிறேனே! நான் சொல்லுவது வேறு. கடலின் மேல் காற்று எல்லா உயரத்திலும் ஒன்றுபோல் இராது. தண்ணீருக்குப் பக்கத்தில் அது உராய்ந்து மெதுவாகும், உயரே வேகமாய் ஓடும். ஓடுகிற படகுக்கு மேலே ஒரு கோணத்திலும் கீழே ஒரு கோணத்திலும் காற்று வந்து சேரும். அதனால் கம்பத்தின் உச்சியில் பாயைக் கொஞ்சம் வெளியே திறந்துவிட்டு, கீழே உள்வாங்கி வைப்பார்கள். பாய் ஒன்றுதான், ஆனால் மேலிருந்து கீழ்வரை மெல்ல முறுகியிருக்கும். முழுப் பாயையும் ஒரே கோணத்தில் விறைப்பாய் நிறுத்தினால், ஏதோ ஒரு பாகம் செத்துப்போகும். இருபத்தைந்து வருஷ விசுவாசியையும், போன மாதம் இரட்சிக்கப்பட்ட காலேஜ் பையனையும் ஒரே அளவுக் கயிற்றில் கட்டினால், ஒருவர் செத்துப்போவார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் படகைக் கவிழாமல் காப்பது எது? பாய் அல்ல, கீல். படகின் அடியில், தண்ணீருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகிற கனத்த துடுப்பு. 1983-ல் ஓடின அந்தப் படகுகளின் எடையில் பாதிக்கு மேல் அடியிலே ஈயமாய் இருந்தது. காற்று எதிராய் வரும்போது பாய் படகைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுக்கும். கீல் பக்கவாட்டில் போக மாட்டேன் என்று நிற்கும். மீதியிருக்கிற வழி முன்னால் மட்டுமே! ஆஸ்திரேலியா-2-இன் கீலுக்கு பென் லெக்ஸன் என்கிற வடிவமைப்பாளர் இரண்டு செட்டைகள் வைத்திருந்தார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போதெல்லாம் அதைத் துணித் திரை போட்டு மூடினார்கள். நியூபோர்ட் ஊர் முழுக்க அதையே பேசிற்று, போட்டி முடியுமட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை. அறைவீட்டுக் கதவைப் பூட்டிப் பிதாவை நோக்கி ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர். நாமோ, எத்தனை நாள் உபவாசம் என்பதை வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கீலில் ஈயம் இல்லாத படகுக்காரன்தான் பயத்தில் பாயை இறுக்கிப் பிடிப்பான். பிள்ளைகளுக்காக இரகசியத்தில் அழாத தகப்பன்தான் சட்டத்தால் அவர்களைப் பிடிக்கப் பார்ப்பான்.

திடீரென்று பெருங்காற்று அடித்தால் பழகாதவன் கயிற்றை இன்னும் கெட்டியாய்ப் பிடிக்கிறான். பழகினவன் அந்த விநாடியே கொஞ்சம் விடுகிறான், மற்றவர்கள் எல்லாரும் உயர்ந்திருக்கிற பக்கத்தில் போய் உட்கார்ந்து தங்கள் பாரத்தால் படகை நிமிர்த்துகிறார்கள், நிமிர்ந்தபின் மறுபடியும் இழுக்கிறான். ஒரு குடும்பத்தில் பிள்ளை தவறிப்போனான் என்று கேள்விப்பட்டால் நாம் எந்தப் பக்கம் போய் உட்காருகிறோம்? சாய்ந்த பக்கத்திலேயே போய் எல்லாரும் நின்றால்?

பிரியமானவர்களே, ஆகஸ்ட் மாதத்திலிருந்து நம் வாலிபரில் நாலு பேர் ஐக்கியத்துக்கு வரவில்லை. மூப்பர்களோடு பேசி ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். வருகிற உபவாச ஜெபத்தில் முதல் அரைமணி நேரம் பாட்டும் கைத்தட்டலும் இராது. குடும்பம் குடும்பமாய் உட்காருங்கள். தகப்பன்மார் தங்கள் மனைவியிடமும் பிள்ளைகளிடமும், நான் எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது, வசனமும் சொல்லக் கூடாது. தனியாய் வருகிற சகோதரிகளோடு என் மனைவியார் உட்காருவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த நாலு வீட்டுக்கும், பூ வைத்து வந்த அந்தச் சகோதரியின் வீட்டுக்கும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் என்னிடத்தில் பெயர் கொடுங்கள். போகிற இடத்தில் முடியைப் பற்றியும், உடுப்பைப் பற்றியும், ஏன் வரவில்லை என்றும் யாரும் கேட்க வேண்டாம். காப்பி கொடுத்தால் குடியுங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு, சம்மதித்தால் சுருக்கமாய் ஜெபித்துவிட்டு எழுந்துவருவோம்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்