வாழ்தற்குரிய நகர் எது?

நகரங்களை ஒப்பிட்டுப் பேசுதல் யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு வெறும் பொழுதுபோக்கன்று. பிள்ளையின் மேற்படிப்பு, பெண்ணின் திருமணம், முதுமையில் எவருடன் இருப்பது என்னும் கவலை ஆகியன எழும் வேளைகளிலெல்லாம் கொழும்பு, இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்னும் பெயர்கள் ஒன்றோடொன்று வைத்து நிறுக்கப்படுகின்றன. ஒரு நகரிலே சம்பளம் அதிகம். மற்றொன்றிலே வாடகை குறைவு. ஒன்றிலே குளிர் கொடிது. இன்னொன்றிலே கோயில் அண்மையிலுள்ளது. இந்நிறுவையில் எல்லாம் இடம்பெறுகின்றன. நிறுப்பவர் யார் என்பது மாத்திரம் இடம்பெறுவதில்லை. வாழ்வதற்கு நல்ல நகர் எது என்னும் வினா, யார் வாழ்வதற்கு என்னும் வினாவைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது. மறைந்திருக்கும் அவ்வினாவை வெளிக்கொணர்ந்தால் நகரங்களின் வரிசை மாறும் என்பது மட்டுமன்று. ஒப்பிடுதல் என்னும் செயலே ஓர் அறப்பிரச்சினையாக மாறிவிடும்.

உலகளாவிய தரவரிசைகளும் இதற்கு விலக்கல்ல. எக்கொனமிஸ்ட் நிறுவனத்தின் ஆய்வுப்பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல் உறுதிநிலை, மருத்துவம், பண்பாடும் சுற்றாடலும், கல்வி, உட்கட்டமைப்பு என்னும் ஐந்து தலைப்புகளின் கீழ் நகரங்களுக்குப் புள்ளியிடுகின்றது. வியன்னா பலமுறை முதலிடம் பெற்றுள்ளது. ஆயின் இத்தகைய புள்ளிகளின் தொடக்ககாலப் பயன், தம் அலுவலரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் அவர்க்குக் கஷ்டக் கொடுப்பனவு எவ்வளவு வழங்கலாம் எனக் கணக்கிடுவதேயாகும். இலங்கை ஆசிரியர்க்கு இக்கருத்து புதியதன்று. கஷ்டப் பிரதேசம் என வகுக்கப்பட்ட ஊருக்குக் கற்பிக்கச் செல்பவர்க்குக் கொடுப்பனவு உண்டு. அவ்வூரிலேயே பிறந்து அங்கேயே மடிபவர்க்கு எக்கொடுப்பனவும் இல்லை. வந்து போகின்றவரின் வசதியீனமே அளக்கப்படுகின்றது. இருப்பவரின் வாழ்வு அளவைக்குள் வருவதில்லை.

யாழ்ப்பாணத்தவர் தமக்கென வகுத்துக்கொண்ட அளவுகோலும் உத்தியோகத்தரின் அளவுகோலேயாம். 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை தெற்குடன் முழுமையாக இணைந்த பின்னர், கொழும்புக்கும் குடாநாட்டுக்குமிடையே ஒருவகை இரட்டை வாழ்க்கை உருவாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்ற பழமொழியை வேதவாக்காகக் கொண்ட தலைமுறை, கொழும்பிலே 'சமறி' எனப்பட்ட கூட்டு வாடகை வீடுகளிலே உண்டு உறங்கி, மனைவி மக்களை ஊரிலே வைத்து, மிச்சம் பிடித்த பணத்திலே ஊரிலேயே கல்வீடு கட்டியது. முப்பது ஆண்டுகள் கொழும்பில் இருந்தவரும் தம் ஊர் எது என வினவப்பட்டால் கரவெட்டி என்றோ ஊர்காவற்றுறை என்றோதான் விடையிறுப்பர். கொழும்பு பிழைப்பதற்குரிய இடம். வாழ்வதற்குரிய இடம் வேறு. இப்பிரிவினை இருந்தவரை நகரங்களை ஒப்பிட வேண்டிய தேவையே எழவில்லை எனலாம். பெருநகர் எதுவும் வீட்டுடன் போட்டியிடவில்லை. போரும் புலப்பெயர்வும் அப்பிரிவினையைத் தகர்த்தன. பிழைக்கும் இடத்திலேயே வாழவும் மாளவும் வேண்டியவரான பின்னரே ஒப்பீடு உண்மையான கேள்வியாயிற்று.

அவ்வொப்பீட்டிலே யாழ்ப்பாணத்தின் பக்கம் வைக்கப்படும் மிகப் பெரிய எடை, அங்கே ஒருவர் அறியப்படுகின்றார் என்பதாகும். குடாநாட்டின் எந்த ஒழுங்கையிலும் அறிமுகமற்ற இளைஞனை நோக்கி முதலில் எழும் கேள்வி, 'ஆருடைய பிள்ளை?' என்பதே. பேர் பின்னர்தான் கேட்கப்படும். இன்னாருடைய பேரன் என்று சொன்னவுடன் படலை திறக்கும், தேநீர் வரும், வழி காட்டப்படும், துவிச்சக்கரவண்டி பழுதானால் வேறொன்று இரவலாகக் கிடைக்கும். செத்த வீட்டுக்கு அழைப்பின்றியே அயலார் வருவர், பந்தல் எழும், எட்டுச் செலவு வரை அடுப்பெரியாத வீட்டுக்கு உணவு வந்துகொண்டிருக்கும். எந்த மாநகராட்சியும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுத முடியாத சேவை இது. தொலைபேசியிலே மரணச் செய்தி கேட்டு, விடுமுறை பெற முடியாமல், அடுக்குமாடி அறையொன்றிலே தனியே இருந்து அழுதவர்க்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 'ஆருடைய பிள்ளை?' என்பது படலையைத் திறக்கும் திறப்பு மட்டுமன்று; பூட்டும் அதுவே. விடை எந்தக் குறிச்சியைச் சுட்டுகின்றது என்பதைப் பொறுத்துத் தேநீர் கிண்ணத்தில் வருமா, போத்தலில் வருமா, வராமலே போகுமா என்பது தீர்மானிக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் இருந்த காலத்திலேதான், 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதியெதிர்ப்பு ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவின் முன் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் நூலாக வெளிவந்தபோது அது பேசியது தொலைதேசத்துச் செய்தியையன்று. ஊர் தன் பிள்ளைகளை அறிந்திருந்தது. அறிந்திருந்தமையாலேயே சிலரை வெளியே நிறுத்தியது.

வெளியே நிறுத்தப்பட்டவர்க்குப் பெருநகரின் அறியாமை ஒரு கொடையாகும். புறக்கோட்டைத் தேநீர்க் கடையிலே கிண்ணத்தை நீட்டுபவர் பாட்டன் பெயரைக் கேட்பதில்லை. இடைக்கால ஜேர்மானிய நகரங்களிலே ஓராண்டும் ஒருநாளும் வாழ்ந்துவிட்ட பண்ணையடிமை விடுதலை பெறுவான் என்ற வழக்கு நிலவியது. நகரின் காற்று மனிதனை விடுவிக்கும் என்று அங்கே பழமொழியும் எழுந்தது. 1903 இல் பெருநகர் பற்றி எழுதிய சமூகவியலாளர் கேயோர்க் சிம்மெல், நகரத்தார் ஒருவரிடமிருந்தொருவர் காக்கும் ஒதுக்கமே அவர்களது சுதந்திரத்தின் நிபந்தனை என்றும், கூட்டத்தின் நடுவே உணரப்படும் தனிமை அச்சுதந்திரத்தின் மறுபக்கம் என்றும் கண்டார். ஊரின் நெருக்கத்தைப் புகழ்பவரும் நகரின் விடுதலையைப் புகழ்பவரும் பெரும்பாலும் ஒரே பொருளின் இரு பக்கங்களையே பார்க்கின்றனர். எப்பக்கம் தெரிகின்றது என்பது அவரவர் பிறந்த குறிச்சியைப் பொறுத்தது. ஊர்ப் பாசத்தை மனமுருகி எழுதுவோருள் ஊரின் கிணற்றிலே தண்ணீர் அள்ள அனுமதிக்கப்படாதவர் எத்தனை பேர் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

எனினும் பெருநகரின் அறியாமையும் நிலையானதன்று. அமைதிக் காலத்திலே எவரும் கேளாத கேள்வியைக் கலவரக் காலத்திலே நகரம் கேட்கும். 1983 யூலையிலே கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வந்தவர்கள் எந்த வீடு எவருடையது என்பதை நன்கறிந்திருந்தனர். அயலிலிருந்த சிங்களவரும் முஸ்லிம்களும் பல குடும்பங்களைத் தம் வீடுகளிலே ஒளித்துக் காத்தனர் என்பதும் அதேயளவு உண்மை. அவர்களும் தம் அயலார் யார் என்பதை அறிந்திருந்தனர். ஒரே அறிவு கொல்வதற்கும் பயன்பட்டது, காப்பதற்கும் பயன்பட்டது.

தமிழ்க் காப்பியம் இப்பிரச்சினையை முன்னரே எழுப்பியுள்ளது. சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாகவும் ஊழின் கதையாகவும் கற்பிப்பது வழக்கம். அதனை நகரங்களின் ஒப்பீடாகவும் வாசிக்கலாம். புகாரிலே கோவலன் இன்னாரின் மகன். செல்வம் அழிந்த பின்னரும் அவனுக்கு அங்கே முகவரி உண்டு. மதுரையிலே அவன் எவருடைய பிள்ளையும் அல்லன். பொற்கொல்லன் சொன்ன பழியை மறுத்துச் சாட்சி சொல்ல அங்கே ஒருவரும் இலர். விசாரணையின்றி வாள் வீசப்படுகின்றது. அவனுக்கும் கண்ணகிக்கும் புகலிடம் தந்தவள் மாடவீதியிலிருந்த வணிகன் அல்லள். நகர்ப்புறத்து ஆயர்சேரியில் வாழ்ந்த மாதரி. மதுரையின் அங்காடியும் அரண்மனையும் எத்துணைச் சிறப்புடையன என்பதைக் காப்பியம் விரிவாகவே சொல்கின்றது. அச்சிறப்புகளுக்கெல்லாம் தரவரிசைக்காரர் உயர்ந்த புள்ளி வழங்கியிருப்பர். அந்நகர் தோற்றது வேறோரிடத்திலே: சாட்சி இல்லாத அயலானின் சொல்லைக் கேட்க அங்கே செவி இல்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு கூர்மை பெறுகின்றது, கசப்பும் பெறுகின்றது. 2007 யூன் 7 ஆம் நாள் அதிகாலையிலே கொழும்பின் தங்குவிடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றம். கடவுச்சீட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வெளிநாட்டு வேலைக்காகவும் வந்து நின்றவர் அவர்களுட் பலர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டோருட் பலர் திரும்பி வந்தனர். வழக்குத் தொடுத்தோர் அம்மக்களின் உறவினரல்லர். கொழும்பு அந்த அதிகாலையிலே இழிவுற்றது. ஆயினும் ஒரு நாளுக்குள் ஒரு செவி திறந்தது.

இதனருகே 1990 ஒக்டோபர் 30 ஐ வைத்துப் பார்க்க யாழ்ப்பாணத்து எழுத்து பெரிதும் தயங்கியே வந்துள்ளது. அன்று யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் இரண்டு மணிநேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அவர்கள் தங்குவிடுதியிலிருந்த வழிப்போக்கரல்லர், தலைமுறை தலைமுறையாக அந்நகரிலே வாழ்ந்தவர், 'ஆருடைய பிள்ளை?' என்ற கேள்விக்கு ஊரறிய விடை சொல்லக்கூடியவர். அந்த விடை அன்று உதவவில்லை. முறையிட மன்றமில்லை, மறுநாள் தடையுத்தரவு வரவில்லை. வடக்கெங்குமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் புத்தளம் சென்று முகாம்களிலே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தனர். துப்பாக்கியின் முன் அயலார் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கப்படுகின்றது. அன்றைய நிலையில் அக்கேள்வி நியாயமானதே. கண்ணீருடன் வழியனுப்பியவரும் இருந்தனர். ஆனால் 2009 இல் துப்பாக்கி ஓய்ந்த பின்னரும் திரும்பி வந்தவர்க்கு வீடும் காணியும் எளிதிற் கிட்டவில்லை என்பதற்கு அவ்விடை போதாது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி மழையிலே நடந்தபோது அகதியாதல் இன்னதென்பதை யாழ்ப்பாணம் முழுவதும் அறிந்தது. அறிந்த பின்னரும் ஐந்தாண்டு முன்னர் நடந்ததை அது போதிய அளவு நினைவுகூரவில்லை.

புகலிட நகரங்களின் நிலை என்ன? 2013 பெப்ரவரியிலே ரொறன்ரோ மாநகர சபை, ஒருவரின் குடிவரவு நிலையைக் கேளாமலே நகரின் சேவைகளை அவருக்கு வழங்கும் கொள்கையை உறுதிப்படுத்தியது. எழுத்திலுள்ளதெல்லாம் நடைமுறையிலும் உள்ளதெனக் கொள்வது பேதைமை. ஆயினும், எவருடைய பிள்ளை என்று கேளாமல் நூலகத்தின் கதவைத் திறக்க ஒரு நகரம் தீர்மானம் நிறைவேற்றுதல் சிறிய செய்தியன்று. அதே நகரிலே வேறோர் உண்மையும் உண்டு. கனடாவுக்குப் பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் பிள்ளை, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களிலே, இருபது ஆண்டுகள் அவர்களின் செலவைத் தாமே பொறுப்பேற்பதாக ஒப்பமிட வேண்டும். வடமராட்சியிலே தன் காணியிலே தன் கிணற்றடியிலே அதிகாரத்துடன் வாழ்ந்த தாய், ஸ்காபரோவிலே பேருந்துச் சீட்டுக்கும் மகனை எதிர்பார்க்கின்றார். பேரப்பிள்ளைகளுக்கு அது வாழ்தற்குரிய நகராகவே இருக்கலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு நகரங்கள் உள்ளன.

மிக மெலிந்தவரைக் கொண்டு அளந்தால் எந்நகரும் தேறாது, எனவே இவ்வளவுகோலால் ஒப்பிடவே இயலாது என்று ஓர் ஆட்சேபம் எழலாம். பெரும்பாலோரின் நலனை நோக்குவதே நடைமுறைக்கு ஏற்றதென்றும் கூறலாம். முதலாவது ஆட்சேபம் தேறுதலையும் ஒப்பிடுதலையும் ஒன்றெனக் குழப்புகின்றது. எல்லா நகரமும் தவறு செய்யும். தவறு செய்த மறுநாள் முறையிட ஒரு வாயில் இருக்கின்றதா என்பதிலே நகரங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. இரண்டாவது ஆட்சேபத்துக்கு யாழ்ப்பாணத்தவரே தக்க மறுமொழியாவர். 1983 யூலையிலும் கொழும்பின் பெரும்பாலோர்க்கு நீரும் மின்சாரமும் பாடசாலையும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவ்வாண்டின் சராசரி எதனையும் எந்தத் தமிழரும் ஏற்றுக்கொள்ளார். தம் துன்பத்தின்போது சராசரியை மறுத்தவர், பிறர் துன்பத்தின்போது அதனை நாடுதல் முறையாகாது.

இவையெல்லாம் கடந்தகாலச் செய்திகள் என ஒதுக்குவதற்கில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இன்று தீவின் எல்லா மாகாணங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். மலையகத்துத் தோட்டத்திலிருந்து வருபவர், மட்டக்களப்பிலிருந்து வருபவர், மாத்தறையிலிருந்து வருபவர், புத்தளம் முகாமிலே பிறந்து பெற்றோரின் நகரை முதன்முதலாகக் காண வருபவர் எனப் பலதிறத்தார் உளர். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கட்டிய பெருவீடுகளிலே முதியோர் தனித்திருக்கின்றனர். மேல்மாடி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. அறை தேடும் மாணவர் படலையைத் தட்டுகின்றார். உள்ளிருந்து வரும் முதற் கேள்வி இன்னமும் அதுவேயாகும். அவர் சொல்லும் விடையிலே தெரிந்த பெயர் எதுவும் இல்லாதபோது அப்படலை திறக்கின்றதா, எத்தனை வீடுகளிலே திறக்கின்றது என்பதை எந்தத் தரவரிசையும் கணக்கெடுப்பதில்லை. தட்டியவர்க்கு மாத்திரம் அக்கணக்குத் தெரியும்.