மசக்கையும் மார்க்கச் சலுகையும்

 

 

ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், வீட்டில் மூன்று மாதம். சஹரில் உண்டது பஜ்ருக்குள் வெளியே வந்துவிடுகிறது. நோன்பை விட்டால் குற்றமா?" என்று கணவர் கேட்பார். வீட்டிலோ, "நாங்களும்தான் பெற்றோம், நோன்பையா விட்டோம்?" என்று மாமியின் குரல் கேட்கும். இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண் வாய் திறவாமல் கிடப்பாள். சிலர் வீட்டார் பேச்சுக்கு அஞ்சித் தண்ணீர்கூடத் தங்காத உடம்போடு நோன்பு நோற்கிறார்கள். வேறு சிலர் யாரும் காணாமல் ஒரு வாய் உண்டுவிட்டு, பாவம் செய்துவிட்டோமே என்று அழுகிறார்கள். இவ்விருவருக்காகவும் இவர்களைச் சுற்றியுள்ளோருக்காகவும் சில மார்க்க விளக்கங்களை இங்கே தருகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மசக்கை பாசாங்கு அல்ல. ஈமானின் குறைவும் அல்ல. திருமறையில் லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், தாய் தன் பிள்ளையைத் தளர்ச்சிக்கு மேல் தளர்ச்சியாகச் சுமந்ததை நினைவூட்டுகிறது. தளர்ச்சி என்று படைத்தவனே கூறியிருக்க, அதைச் சோம்பல் என்று கூற நாம் யார்?

மருத்துவம் கூறுவதும் இதற்கு மாறானதல்ல. பெரும்பாலும் ஆறாவது வாரவாக்கில் தொடங்கும் இந்தக் குமட்டல், ஒன்பதாவது வாரத்தையொட்டிக் கடுமையாகி, அநேகருக்கு நான்கைந்து மாதத்திற்குள் தணிந்துவிடுகிறது. காலையில் மட்டுமல்ல, நாள் முழுவதும் இருப்பதும் உண்டு. கருவும் நஞ்சும் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப் 15 என்னும் ஹார்மோன் இதற்கு முக்கியக் காரணம் என்றும், கர்ப்பத்திற்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த உடலை அது அதிகமாக வாட்டுகிறது என்றும் 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே, மாமிக்கு வராத வாந்தி மருமகளுக்கு வருவதில் வியப்பில்லை. ஒருத்தியின் உடம்பை இன்னொருத்தியின் உடம்பைக் கொண்டு அளக்கலாகாது.

நோன்பு

பிரயாணிக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் அல்லாஹ் சலுகை அளித்திருப்பதாக நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதை ரிவாயத் செய்பவர் பனூ கஃபு கூட்டத்தைச் சேர்ந்த அனஸ் பின் மாலிக் (ரலி) ஆவார். நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் வேறு.

எனவே, நோன்பினால் தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சுகிறவள் நோன்பை விடலாம். அந்த அச்சம் வெறும் ஊகமாக இருத்தல் கூடாது. தன் உடம்பில் கண்ட அனுபவமோ, நம்பிக்கைக்குரிய மருத்துவரின் சொல்லோ அதற்கு ஆதாரமாக வேண்டும். இலேசான குமட்டலோடு, உண்டது தங்கி, நடமாட முடிகிறவள் நோன்பு நோற்கவே வேண்டும். நிய்யத் செய்து நோன்பைத் தொடங்கிய பின் பகலில் தாங்க முடியாத நிலை வந்தால், அப்போதே முறித்துக்கொள்ளலாம், குற்றமில்லை.

விட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அது மட்டுமே போதும். ஷாஃபிஈ மத்ஹபில், தன் உடல்நலத்துக்கு அஞ்சி விட்டிருந்தால் களா மட்டும். சிசுவுக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் நோன்பொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஏழைக்குப் பித்யாவாக வழங்க வேண்டும். நடுத்தரமான மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவே ஒரு முத்து. ஷாஃபிஈ மத்ஹபில் அடுத்த ரமளானுக்குள் களாவை முடிப்பது கடமை. பாலூட்டுவது போன்ற தடை நீடித்தால் தாமதம் குற்றமாகாது.

தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது. வெளிவந்ததை வேண்டுமென்று விழுங்காமல், வாயைக் கொப்புளித்துவிட்டு நோன்பைத் தொடரலாம். விரலை விட்டு வலிய எடுத்தால் முறிந்துவிடும்.

தொழுகை

நோன்பில் உள்ள இந்தச் சலுகை, தொழுகையை விட்டுவிடும் சலுகை ஆகாது. ஆனால் தொழும் விதத்தில் மார்க்கம் தாராளமாக இடமளித்திருக்கிறது. நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். நின்றால் தலை சுற்றிக் கீழே விழுவோம் என்று அஞ்சும் பெண் உட்கார்ந்து தொழுதால், அவளுடைய தொழுகை பூரணமானதே.

குமட்டல் பொங்கி வரும்போது அதை அடக்கிக்கொண்டு தொழுகைக்கு நிற்க வேண்டாம். நேரம் இருக்குமானால் சற்றுத் தணிந்த பின் தொழுவது நல்லது. வாந்தி நஜீஸாகும். தொழுகையின் இடையே வந்துவிட்டால் தொழுகையை விட்டு நீங்கி, வாயையும், பட்ட இடத்தையும், உடையையும் கழுவிக்கொண்டு மீண்டும் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வாந்தியால் ஒளூ முறிவதில்லை. ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய வந்தால் ஒளூ முறியும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்கள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதுகொண்டால், ஒரே ஒளூவில் இரண்டையும் முடிக்க ஏதுவாகும்.

வீட்டார் கடமை

ஹழ்ரத் மர்யம் (அலை) அவர்களின் சம்பவத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்த்தபோது, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று அவர்கள் மனம் நொந்தார்கள். அல்லாஹ்விடமிருந்து வந்த பதிலில் கண்டிப்பு இருந்ததா? இல்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. அருகே ஓர் ஓடை வந்தது. உலுக்கினால் உதிரும் கனி வந்தது. உண்டு பருகுமாறு உத்தரவும் வந்தது. வேதனைப்படும் கர்ப்பிணிக்குப் படைத்தவன் தந்த மறுமொழி ஆறுதலும் தண்ணீரும் உணவும் என்றால், நம் வீடுகளில் கேட்கும் மறுமொழி வேறாக இருக்கலாமா?

ஆகவே கணவர்களே! தாளிக்கும் மணமே உங்கள் மனைவிக்கு ஆகவில்லையென்றால், சில வாரங்கள் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்து தந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்னாருக்கு ஆகாத இழுக்கு நமக்கு என்ன வந்துவிடப்போகிறது? படுக்கையை விட்டு எழுமுன் ஒரு ரஸ்க்கோ கைப்பிடிப் பொரியோ கொடுங்கள். ஒரேயடியாக உண்ணச் சொல்லாமல், சிறுகச் சிறுகப் பல வேளை கொடுங்கள். இஞ்சி ஒத்துக்கொள்வோருக்கு அது குமட்டலைத் தணிப்பதும் உண்டு.

தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து நிறம் கருத்து, எழுந்தால் மயக்கம் வந்து, உடல் எடையும் இறங்கினால், கண்ணேறு என்று தகடு கட்டிக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பதோடு மருந்தும் உண்பதுதான் நபிவழி. ஆனால் கடைக்காரர் தரும் மாத்திரை வேண்டாம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்து, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறக்கக் காரணமாயிற்று. இன்று கர்ப்பிணிகளுக்கென்று பரிசோதித்து அறிந்த மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் சொற்படி உட்கொள்ளலாம்.

மாமிமார்களே! நீங்கள் அன்று பொறுத்த வேதனைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அதை மருமகளைக் குத்தும் சொல்லாக்கி அந்தக் கூலியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

சகோதரியே! பிரயாணத்தில் நோன்பு நோற்றுச் சோர்ந்து விழுந்த ஒருவருக்கு மக்கள் கூடி நிழல் செய்ததைக் கண்ட நபியவர்கள், இப்படி நோற்பது புண்ணியமாகாது என்று உணர்த்தினார்கள். நீ உண்ணும் அந்த ஒரு வாய்க் கஞ்சி, உன் ரப்பு உனக்கு அளித்த சலுகை. ஒளிந்து உண்ணாதே, பிஸ்மில் சொல்லி உண். உண்டபின் அவனைப் புகழ். நீ நோன்பு நோற்பதும் அவனுக்காக. விடுவதும் அவன் அனுமதித்ததால்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களின் சுமையை இலேசாக்கி, ஸாலிஹான சந்ததிகளை அவர்களுக்கு அருள்வானாக! அவர்கள் மீது இரக்கம் காட்டும் உள்ளங்களை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!