சிறிய இறுதிச்சுற்று

லிண்ட்ஸி ஜேக்கபெல்லிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 2006 பிப்ரவரியில்தான் தொடங்குகிறார்கள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. இத்தாலியில் பார்டோனெக்கியா மலைச்சரிவு. ஸ்னோபோர்டு கிராஸ் ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் வருடம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பனிச்சறுக்குப் பலகையில் பாய்ந்து, மேடுகளில் தாவி, வளைவுகளில் தோளோடு தோள் உரசிக்கொண்டு இறங்க வேண்டும். மதிப்பெண் கிடையாது, முதலில் கோட்டைத் தாண்டியவருக்குத் தங்கம்.

அமெரிக்காவின் லிண்ட்ஸிக்கு அப்போது 20 வயது. இறுதிச்சுற்றில் மற்ற இருவர் ஏற்கெனவே விழுந்திருந்தார்கள். பின்னால் வந்த சுவிஸ் வீராங்கனை தான்யா ஃப்ரீடன் ஏறத்தாழ 3 விநாடி தள்ளியிருந்தார். கடைசிக்கு முந்தைய மேட்டில் எழும்பியதும் லிண்ட்ஸி முழங்காலை மடக்கி, பலகையைப் பின்னால் இழுத்து, அதன் விளிம்பைக் கையால் பிடித்தார். அதனால் வேகம் கூடாது. பார்க்க அழகு, அவ்வளவுதான். இறங்கும்போது குதிகால் பக்கத்து விளிம்பு பனியில் மாட்ட, விழுந்தார். ஃப்ரீடன் கடந்து போனார். எழுந்து வந்தவருக்கு வெள்ளி.

*

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்ற முடியாத விழுகை இது. ஆணவம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸ்னோபோர்டு வளர்ந்ததே இந்தச் சேட்டையில்தான். காற்றில் இருக்கும் ஒரு நொடியில் பலகையைத் தொட்டுப் பார்க்காதவர் அந்த விளையாட்டுக்கு வந்திருக்கவே மாட்டார். நாலு வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்களுக்கு அது குற்றமாகத் தெரிந்தது. திட்டியவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

*

இடைப்பட்ட குளிர்காலங்களை யாரும் எண்ணுவதில்லை. உலக சாம்பியன் பட்டம் 2005, 2007, 2011, 2015, 2017 என ஐந்து முறை. எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டிகளில் பத்துத் தங்கம். நடுவே 2012இல் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகும் இரண்டு உலகப் பட்டங்கள் என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன்.

*

இரண்டு நாள்கள் மட்டும் என் மனதை விட்டுப் போக மறுக்கின்றன. 2010, வான்கூவர் ஒலிம்பிக்: அரையிறுதியில் தடத்தைவிட்டு விலகி வெளியேறினார். 2014, சோச்சி: அரையிறுதியில் முன்னணியில் இருந்தபோது விழுந்தார். அரையிறுதியில் தோற்றவர்களுக்கென்று ஒரு சிறிய இறுதிச்சுற்று உண்டு. பதக்கம் கிடையாது; வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். பலருக்கு அது கடமை கழிக்கும் ஓட்டம்.

லிண்ட்ஸி இரண்டு முறையும் அதில் முதலாவதாக வந்தார். பெரிய இறுதிச்சுற்றில் இருந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அது வான்கூவரில் ஐந்தாம் இடம், சோச்சியில் ஏழாம் இடம். சற்று முன்புதான் தங்கம் கைநழுவியிருக்கிறது. மறுபடியும் மேலே போய், காலைப் பிணைப்பில் பூட்டி, வாயிற்கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்க வேண்டும். ஏழாம் இடத்துக்காக முட்டி மோத வேண்டும். யாருக்குக் காட்ட?

2018, பியோங்சாங்கில் நான்காம் இடம். மயிரிழையில் வெண்கலம் போயிற்று.

*

2022 பிப்ரவரி 9, சீனாவின் ஜாங்ஜியாகோ. 36 வயதில் தங்கம். அந்தப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் தங்கம். மூன்று நாள் கழித்துக் கலப்புக் குழுப் போட்டியில் 40 வயது நிக் பாம்கார்ட்னருடன் சேர்ந்து இன்னொன்று.

16 வருடப் பாவத்துக்கு விமோசனம் என்ற தொனியில் செய்திகள் வந்தன. பாவம் எங்கே இருந்தது? 20 வயதுப் பெண் ஒருத்தி சந்தோஷத்தில் பலகையைத் தொட்டாள். அதைக் கழுவத்தான் இத்தனை வருடம் ஓடினார் என்றால், நடுவில் வென்ற நான்கு உலகப் பட்டங்களுக்கு என்ன அர்த்தம்? பனிச்சரிவில் இறங்குவது அவருக்குப் பிடித்திருந்தது, நன்றாகவும் வந்தது. இந்த எளிய காரணம் ஏன் யாருக்கும் போதவில்லை என்று தெரியவில்லை.

பெய்ஜிங் ஓட்டத்தைத் தேடிப் பார்ப்பவர்கள், முடிந்தால் சோச்சியின் சிறிய இறுதிச்சுற்றையும் பாருங்கள்.