கண்ணாடிக்குள் அமைதி

மீன் வளர்ப்போர் 'சமூகத் தொட்டி' என்றொரு சொல்லை வழங்குவர். பலவகை மீன்கள் ஒன்றையொன்று கொல்லாது கூடி வாழும் தொட்டி அது. அங்கே சிக்லிட் குடும்பத்து மீன்களைக் குடியேற்றுவதுதான் கடினம். எல்லை வகுத்து உரிமை கொண்டாடுவதும், முட்டையையும் குஞ்சையும் காக்கப் போரிடுவதும் அவற்றின் பிறவிக்குணம்.

எனவே தேர்வு தேவைப்படுகிறது. சிறு மீன்களை விழுங்கும் ஆஸ்கார் விலக்கப்படுகிறது. 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட லோஹான் எவரோடும் ஒத்துவாழாது; அதற்குத் தனித்தொட்டியே கதி. ஓரினோகோ ஆற்றுப்படுகையைத் தாயகமாகக் கொண்ட ராம் என்னும் குள்ளமீன் வரவேற்கப்படுகிறது. குணம் மட்டுமன்றி நீரும் ஒக்க வேண்டும்: ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனுக்குக் காரத்தன்மையுள்ள கடினநீர் உகந்தது; ராமுக்கோ மென்னீர்.

இவ்வாறு அமையும் அமைதி யாருடைய அறம்? நியான் டெட்ராவை ராம் விழுங்காதிருப்பது கருணையினால் அன்று. அதன் வாய் சிறிது என்பதனால். அடங்கக் கூடியவன் அடங்குவதே பொறுமை. தீங்கு செய்ய இயலாதவனைப் பொறுமைசாலி எனப் புகழ்வது சொல்லின் பொருளைச் சிதைப்பதாகும். அத்தொட்டியில் அறம் என ஒன்று இருக்குமாயின், அது தேர்ந்தவனிடமே இருக்க வேண்டும்.

1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், விலங்குகளின் போர்க்குணம் பற்றி 1963இல் வெளியிட்ட நூலில் வியப்பூட்டும் செய்தி ஒன்றைக் கூறுகிறார். தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, இருபுறமும் ஒவ்வொரு சிக்லிட் இணையைக் குடியமர்த்தினால், அவை தத்தம் சினத்தை அயலார் மீது காட்டித் தமக்குள் இணங்கி வாழ்கின்றன. கண்ணாடியில் பாசி படர்ந்து அயலார் மறைந்ததும் ஆண்மீன் தன் துணையையே தாக்கத் தொடங்குகிறது. பாசியைத் துடைத்துவிட்டால் இல்லறம் மீண்டும் இனிதாகிறதாம்!

மீனிலிருந்து மனிதனுக்குத் தாவும் வாதத்தில் எச்சரிக்கை வேண்டும். லோரன்ஸ் மீதே அக்குறை சாற்றப்பட்டதுண்டு. ஆயினும் ஒரு பகைவனைக் காட்டியே ஒற்றுமை வளர்க்கும் வழக்கம் மனிதரிடம் இல்லையென்று துணிந்து சொல்லுதல் அரிது. மீனுக்கு வேறு வழி தெரியாது. மனிதனுக்குத் தெரியும், எனவே அவன்மீது மட்டுமே கேள்வி எழுகிறது.

அக்கேள்வி விலக்கப்பட்ட மீன்களிடம்தான் கூர்மையடைகிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய லோஹான் மோகம் தணிந்தபோது, வேண்டாதவற்றைப் பலர் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விட்டனர். உயிரைக் கொல்லாமல் விடுதலை செய்தோம் என்ற நிறைவும் அவர்களுள் சிலருக்கு இருந்திருக்கலாம். தன் வீட்டுத் தொட்டிக்கு ஆகாது என்று ஒருவர் அறிந்து ஒதுக்கிய மீனே, அதனோடு வாழ்ந்து பழகாத உள்நாட்டு மீன்களிடையே விடப்பட்டது. வாங்கும் நாளிலேயே அது எவ்வளவு வளரும், எதை உண்ணும், எத்தனை ஆண்டு வாழும் என்று கடைக்காரரிடம் கேட்டிருந்தால், அந்த மீன் நீர்த்தேக்கத்துக்குப் போயிராது.