வந்தியின் பங்கு

என் தங்கை மகன் கொடி சுற்றிப் பிறந்தான். அப்படிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். கிண்ணத்து நல்லெண்ணெயில் தெரிகிற பிள்ளை முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட்டால் தோஷம் கழியும். திருமங்கலத்தில் நானும் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை ஓடுகிறது. பிள்ளைதான் மூன்று வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கடைக்கு வந்தால் கொட்டைப்பாக்கை வரிசை பிசகாமல் அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் அழுது தீர்த்துவிடுவான். ஆட்டிசம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வீட்டில் விசாரணைதான். கிரகணத்தன்று தங்கை வாசலுக்கு வந்தாளாம். ஏழாம் மாதம் வரை வேலைக்குப் போனாளாம். கடைசியில் ஒரு பெரியவர் முடித்துவைத்தார்: "போன ஜென்மத்துப் பாவம்."

படித்தவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 1943இல் லியோ கன்னர் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபின், அமெரிக்காவில் நெடுநாள் தாயின் பாசக் குறைவைத்தான் பலர் குற்றம் சொன்னார்கள். புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் அந்த வாதத்தைப் புத்தகமாகவே போட்டார். இன்று அதை அறிவியல் தள்ளிவிட்டது. 2011இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த தொகுப்பாய்வு, பிரசவத்தையொட்டிய 60க்கும் மேற்பட்ட காரணிகளை அலசியது. கொடிச் சிக்கல், எடைக் குறைவு, பிரசவக் காயம், தாய்க்கு உதிரப்போக்கு ஆகியவற்றோடு தொடர்பு தெரிந்தது. ஆனாலும் இதுதான் காரணம் என்று எந்த ஒன்றையும் கைகாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளைகள் ஏராளம். பெரும்பாலோருக்கு ஆட்டிசம் கிடையாது. ஆயிரக்கணக்கான பிரசவங்களைச் சேர்த்துப் போட்ட கணக்கை வைத்து ஒரு தொட்டிலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வினையை நான் மறுக்கவில்லை. திருநீறு பூசாமல் கடை திறக்காதவன். தராசில் கை வைத்தால் வினை தொடரும் என்று நான் அஞ்சலாம், அஞ்சவும் வேண்டும். அது அவனவன் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிற கேள்வி. அடுத்தவள் மடியில் கிடக்கிற பிள்ளையைக் காட்டிக் கேட்டால் வசையாகிவிடும். அதிலும் போன ஜென்மத்துக் குற்றம் என்றால், அவள் எந்தச் சாட்சியைக் கொண்டுவந்து இல்லை என்று சொல்வாள்?

பிட்டுக்கு மண் சுமந்த கதை மதுரைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகை பெருகியது மாணிக்கவாசகர் பட்ட பாட்டுக்காக. வந்திக் கிழவிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பாண்டியன் கரையை வீட்டுக்கு வீடு அளந்துவிட்டபோது அவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது; அடைக்க ஆளில்லை. சொக்கநாதர் அவளிடம் எதையும் விசாரிக்கவில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு அவளுக்காக மண்வெட்டியோடு கரைக்குப் போனார். அங்கே அவர் மேல் விழுந்த பிரம்படி பாண்டியன் உட்பட எல்லார் முதுகிலும் பட்டது.

வெள்ளம் ஏன் வந்தது என்பது ஆராய்கிறவர்கள் வேலை, அது நடக்கட்டும். சாமி கும்பிடுகிறவனுக்கு உள்ள கேள்வி, அவள் பங்குக் கரையை யார் அடைப்பது என்பதுதான். பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு மதுரைக்கு பஸ்ஸில் கூட்டி வர வேண்டும். தங்கைக்கு ஒரு மதியத் தூக்கமாவது வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் போகிறேன். வியாழக்கிழமைக்குத்தான் ஆளில்லை. போன ஜென்மம் பேசிய பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.