தெய்வம் நீங்கிய அச்சம்

அச்சம் என்னும் மெய்ப்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களங்களைச் சொல்லி அமைந்தார். நான்கையும் ஒரே நிரையில் அவர் வைத்திருந்தாலும், நான்கும் ஒரே தன்மையுடையன அல்ல என்பது நிதானித்துப் பார்ப்பவர்க்கு விளங்கும். விலங்கினிடமிருந்தும் கள்வனிடமிருந்தும் ஓடித் தப்பலாம். அரசனுடைய சினத்தைப் பணிந்தேனும் ஆற்றலாம். அணங்காகிய தெய்வத்தின்முன் நிற்கிற மனிதனுக்கோ ஓடுவதற்கு இடமும் இல்லை, ஓடவேண்டும் என்ற சங்கற்பமும் முழுமையாக எழுவதில்லை. எது அவனை நடுங்கச் செய்கிறதோ அதுவே அவனைத் தன்பால் இழுக்கவும் செய்கிறது. 1917இல் புனிதம் என்ற அனுபவத்தைப் பற்றித் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஜெர்மானியச் சமய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, அந்த அனுபவத்தின் கருவாகக் கண்டதும் நடுக்கமும் ஈர்ப்பும் பிரிக்கமுடியாதபடி கலந்த இந்த நிலையைத்தான்.

திகில் சினிமாவைப் பற்றிப் பேச இவ்வளவு பெரிய பீடிகை தேவையா என்று சிலர் எண்ணக்கூடும். தேவைதான் என்பது என் துணிபு. சொற்பப் பணத்தில், யாரும் பெரிதாக எதிர்பாராமல் எடுக்கப்பட்டு, வெளிவந்தபோது புறக்கணிக்கப்பட்டு, பின்னர் பக்தர் கூட்டம் என்றே சொல்லத்தக்க ரசிகர்களைத் தேடிக்கொண்ட சில படங்கள் மேல்நாட்டில் உண்டு. அவற்றையே பல மடங்கு செலவில் மறுபடியும் எடுத்தபோது, கருவிகளும் நடிகர்களும் வசதிகளும் பெருகியும், அச்சம் மட்டும் எங்கோ நழுவிப் போயிற்று. இதற்குப் பேராசையையும் திறமைக் குறைவையும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நான் பார்த்த அளவில் இது கலைத்திறனைப் பற்றிய கேள்வி மட்டுமன்று; தெய்வ சிந்தனை முற்றிலும் நீங்கிய இடத்தில் அணங்கினால் வரும் அச்சம் நிற்கமுடியுமா என்ற சமயக் கேள்வி.

1973இல் பிரிட்டனில் வெளிவந்த ‘தி விக்கர் மேன்’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். ராபின் ஹார்டிக்கு அது முதல் படம். திரைக்கதை எழுதியவர் நாடகாசிரியர் ஆண்டனி ஷாஃபர். ஐந்து லட்சம் பவுனுக்கும் குறைந்த செலவு. கிறிஸ்டோபர் லீ ஊதியம் பெறாமலே நடித்துக் கொடுத்தார். கதை நடப்பது வசந்தம் முற்றிய மே மாதத்தில். படப்பிடிப்பு நடந்ததோ 1972ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தின் ஸ்காட்லாந்துக் குளிரில். வெற்று மரக்கிளைகளில் செயற்கைப் பூக்களை ஒட்டினார்கள். மூச்சு ஆவியாகிக் காமிராவில் தெரிந்துவிடாதிருக்க நடிகர்கள் வாயில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைக் கம்பெனியார் வெட்டிச் சுருக்கி, மற்றொரு படத்துக்குத் துணைப்படமாகக் கொட்டகைகளுக்கு அனுப்பிவைத்தார்கள்.

கதை எளியது. ஹோவி என்ற போலீஸ் ஸார்ஜண்ட், காணாமற்போன ரோவன் என்ற சிறுமியைத் தேடி, சம்மரைல் என்ற ஸ்காட்லாந்துத் தீவுக்குத் தனியாக விமானத்தில் வந்து இறங்குகிறார். அவர் ஆழ்ந்த விசுவாசமுள்ள கிறிஸ்தவர். திருமணம் நிச்சயமாகியும் பிரமசரியம் காப்பவர். தீவினரோ கிறிஸ்துவுக்கு முந்திய சூரிய வழிபாட்டுக்கும் மண்ணின் தெய்வங்களுக்கும் திரும்பிவிட்டவர்கள். ரோவனைப் பற்றி யாரைக் கேட்டாலும், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் இடம் காலியாக இருப்பதைக் கண்டு ஹோவி மேஜையைத் திறக்கிறார். உள்ளே ஓர் ஆணி. ஆணியில் கட்டிய நூல். நூலின் மறுமுனையில் உயிருள்ள ஒரு வண்டு. வண்டு ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வர, நூல் ஆணியில் சுற்றிக்கொண்டு குறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் அது ஆணியோடு ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து இருக்கைச் சிறுமி சற்றும் கலக்கமின்றி விளக்குகிறாள். ஹோவி அருவருக்கிறார், அதற்குமேல் அவர் ஒன்றும் காண்பதில்லை. கடமை என்றும் ஒழுக்கம் என்றும் சத்தியம் என்றும் தாம் பற்றியிருக்கும் நேர்கோடுகளே தம்மை ஆணியை நோக்கிச் சுற்றிக் கொண்டுபோகின்றன என்பதை அறியும்போது அவர் தம்மைப் பலியிடக் கட்டிய மரக்கூண்டின் வாசலில் நிற்கிறார்.

இந்தத் தீவின் சமயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. படத்தின் தத்துவச் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 1868இல் தீவை விலைக்கு வாங்கிய இன்றைய பிரபுவின் பாட்டனார் விஞ்ஞானி. எந்தத் தெய்வத்திலும் நம்பிக்கை அற்றவர். கடல் நீரோட்டத்தின் வெதுவெதுப்பையும் எரிமலை மண்ணையும் நம்பிப் புதிய பழவகைகளைப் பயிரிட வந்த அவர், சோர்ந்து கிடந்த மக்களை உழைக்கச் செய்ய அவர்களுடைய பழைய தெய்வங்களைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டனார் உபாயமாகத் தொடங்கியதை மகன் பிரியத்தோடு பேணினார்; பேரனான சம்மரைல் பிரபு அதிலேயே வளர்ந்தவர். நாஸ்திகர் ஒருவர் பயிர்த்தொழிலின் சௌகரியத்துக்காக மூட்டிய சமயம், மூன்றாம் தலைமுறையில் மெய்யாகவே நரபலி கேட்கிறது. தெய்வம் மனிதனின் கற்பனை என்று கொண்டால், கற்பனைக்கு இவ்வளவு கோரமான வலிமை எங்கிருந்து வந்தது? கற்பனை அன்று என்று கொண்டால், பாட்டனார் தம்மை அறியாமல் யாரை எழுப்பிவிட்டார்? படம் இரண்டையும் கேட்க வைத்துவிட்டு மௌனமாக இருக்கிறது.

தீவில் சென்ற ஆண்டு ஆப்பிள் விளைச்சல் பொய்த்துவிட்டது. அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு மனிதன் வேண்டும். அவன் கன்னிமை கெடாதவனாக, தன் இச்சையால் வந்தவனாக, அரசனின் அதிகாரம் தாங்கியவனாக, ஆயினும் ஒரு விதூஷகனாக வரவேண்டும். போலீஸ் உத்தியோகமும் பிரமசரியமும் ஹோவியிடம் முன்பே உண்டு. தீவுக்குத் தாமாக வந்தார். சிறுமியைக் காப்பாற்றும் பொருட்டு விழாவின் கோமாளி வேஷத்தையும் தாமே அணிந்துகொண்டார். பிரம்பும் மரமும் கொண்டு மனித வடிவில் கட்டிய பிரமாண்டமான கூண்டுக்குள், ஆடு, பன்றி, கோழிகளோடு அவரை அடைக்கிறார்கள். இத்தகைய கூண்டு, ஜூலியஸ் சீஸர் ‘கால்’ என்ற நாட்டின் போர்களைப் பற்றி எழுதிய நூலில் வருவது. அது உண்மையாகவே நிலவிய வழக்கமா, பகைவரைப் பற்றிய அபவாதமா என்ற விவாதம் இங்கே நமக்கு வேண்டியதில்லை.

இனி நிகழ்வதைக் கவனியுங்கள். தீ மூட்டப்படுகிறது. கீழே தீவினர் கைகோத்து அசைந்தாடியபடி, கோடையை வரவேற்கும் 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாட்டு ஒன்றை மலர்ந்த முகத்தோடு பாடுகிறார்கள். மேலே ஹோவி தாவீதின் 23ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார். இரண்டும் துதிகள், இரண்டையும் சொல்பவர்கள் மெய்யாகவே நம்புகிறவர்கள், ஒன்றின் குரல் மற்றொன்றை அமிழ்த்தப் பார்க்கிறது. வானத்திலிருந்து எவருக்கும் பதில் இல்லை. இதற்குச் சற்று முன்னர் ஹோவி பிரபுவைப் பார்த்து, இந்தப் பலியால் பயிர் விளையாது, அடுத்த ஆண்டு இந்த மக்கள் உன்னையே கேட்பார்கள் என்று எச்சரிக்கிறார். பிரபுவாக நடித்த லீயின் முகத்தில் அப்பொழுது தோன்றி மறையும் சலனம், ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத நடிப்பு. பயிர் விளையும் என்று அவர் திடமாகச் சொல்கிறார்; அந்தத் திடம் விசுவாசத்தின் திடமா, வேறு வழியற்றவனின் திடமா என்பதை நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை. கூண்டின் தலை எரிந்து விழ, அதற்கு அப்பால் சூரியன் தெரிகிறது. மறு ஆண்டு ஆப்பிள் காய்த்ததா என்பது சொல்லப்படவே இல்லை.

படத்தின் நீண்ட பிரதியில் ஹோவி தேவாலயத்தில் நற்கருணை பெறும் காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. மனிதருக்காகப் பலியான ஒருவரின் சரீரத்தை அப்பமாகப் புசித்தவரே, மண்ணுக்காகப் பலியாகும்படி தாமும் கொண்டுபோகப்படுகிறார். பலியை அருவருக்கும் அவருடைய சமயத்தின் மையத்திலும் ஒரு பலி உண்டு. இதைப் படம் ஏளனத்தோடு சொல்லவில்லை என்பதுதான் அதன் மேன்மை. ஹோவியை மூடர் என்று அது தள்ளவில்லை. தீவினரைக் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கவும் இல்லை. இரு தரப்பாரின் சிரத்தைக்கும் சமமான மரியாதை கொடுத்திருப்பதால், பார்ப்பவர் நெஞ்சில் எழும் நடுக்கம் தம் சொந்த நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ நோக்கித் திரும்பிவிடுகிறது.

2006இல் நீல் லபூட், ஏறத்தாழ நான்கு கோடி டாலர் செலவில், நிகோலஸ் கேஜை நாயகனாகக் கொண்டு இதை மறுபடியும் எடுத்தார். தீவு அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயிற்று. ஆப்பிளின் இடத்தில் தேன் வந்தது. பிரபுவின் இடத்தில் பெண்கள் ஆளும் சமூகத்தின் தலைவி ஒருத்தி வந்தாள். இவையெல்லாம் ஒருவருடைய கற்பனைச் சுதந்திரத்துக்கு உட்பட்டவை. இவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாயகனிடமிருந்து சமயத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஹோவியின் வேதாகமம் இருந்த இடத்தில், கண்முன் நேர்ந்த கார் விபத்தின் நினைவும் அதற்கு விழுங்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஜெபம் இருந்த இடத்தில், தேனீ கொட்டினால் உயிருக்கு அபாயம் என்ற சரீர பலவீனம் இருக்கிறது. தீயில் அவர் அலறுகிறார். அலறல் யாரை நோக்கியும் எழவில்லை. தம் தெய்வத்தை விட்டுக்கொடுக்க மறுத்தவருக்குக் கிட்டுவது இரத்தசாட்சியின் மரணம். விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லாதவர் ஏமாற்றிக் கொல்லப்பட்டவர், அவ்வளவுதான். பார்த்தவர்கள் பலர் அந்தக் காட்சிகளில் சிரித்தார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன்.

தொல்காப்பியர் வகுத்த முறையில் சொன்னால், அணங்கு இருந்த இடத்தில் விலங்கை வைத்தார்கள். மற்றொரு படத்தில் அதே இடத்தில் கள்வனை வைத்தார்கள். 1962இல் கன்ஸாஸ் மாகாணத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துவந்த ஹெர்க் ஹார்வி, சுமார் 33,000 டாலரில் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்ற படத்தை எடுத்தார். பேய் வேஷத்தையும் தாமே போட்டுக்கொண்டார். ஆற்றில் விழுந்த காரிலிருந்து தான் ஒருத்தி மட்டும் பிழைத்து வரும் மேரி, வேற்றூர் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கப் போகிறாள். அவளுக்கு அது வெறும் உத்தியோகம், பக்தி கிடையாது. சில வேளைகளில் உலகத்தின் ஓசை முழுவதும் அவளுக்கு நின்றுவிடுகிறது. யாரும் அவளைப் பார்ப்பதுமில்லை, கேட்பதுமில்லை. தேவாலயத்தில் தனியாக வாசிக்கையில் அவள் விரல்களிலிருந்து அவள் அறியாமலே விகாரமான இசை புறப்படுகிறது. போதகர் அதைத் தெய்வ நிந்தனை என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். இறுதியில் ஆற்றிலிருந்து காரை எடுக்கும்போது அவள் சடலமும் உள்ளே இருக்கிறது. ஆத்மா என்று ஒன்று உண்டு என எண்ணாமல் வாழ்ந்தவள், ஆத்மாவாக மட்டும் எஞ்சி அலைந்திருக்கிறாள். 1998இல் வந்த மறு ஆக்கத்தில் இந்த ஆர்கன்காரி இல்லை. அவளுக்குப் பதிலாக, சிறுவயதில் தன் தாயைக் கொன்ற கொடியவனின் நினைவால் துன்புறும் ஒரு பெண் வருகிறாள். அவளிடம் நமக்கு இரக்கம் உண்டாகிறது. ஆத்மாவைப் பற்றிய கேள்வி உண்டாவதில்லை.

பணம் பெருகியதே குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. வறுமைக்குத் தனியான புனிதம் ஒன்றும் கிடையாது. மறுபடி எடுப்பதும் பாபமன்று. ஜான் கார்ப்பென்டர் 1982இல் ‘தி திங்’ படத்தையும், டேவிட் குரோனென்பர்க் 1986இல் ‘தி ஃபிளை’ படத்தையும், முன்னோர் கதையை எடுத்துக்கொண்டு, அதனிடம் தமக்கே உரிய புதிய கேள்வியைக் கேட்டு, மூலத்துக்கு மேலாகவே செய்துகாட்டினார்கள். நான் வருந்துவது கேள்வியை எடுத்துவிட்டுச் சம்பவங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குறித்துத்தான். இக்காலத்து ரசிகருக்குத் தெய்வ நம்பிக்கை இல்லை, ஆகவே பழைய காயம் ஒன்றை நாயகனுக்குக் கொடுத்தால்தான் புரியும் என்று தயாரிப்பாளர் எண்ணுகிறார் போலும். ரசிகர் நம்பவேண்டிய அவசியமே இல்லை. கதையில் வருபவனின் நம்பிக்கை ஒருவேளை மெய்யாக இருக்கலாம் என்று எடுப்பவர் மனம் இசைந்தால் போதும், நாஸ்திகரும் நடுங்குவார். காயம் என்பது ஒருவனுக்குச் சொந்தமானது, வைத்தியத்துக்கு உட்பட்டது. ஜெபத்துக்குச் செவிசாய்ப்பவர் உண்டா என்ற ஐயமோ எல்லோருக்கும் பொது. அதற்கு இன்றுவரை வைத்தியம் இல்லை.

கதையில் சமயம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ராபின் ஹார்டியே 2011இல் ‘தி விக்கர் ட்ரீ’ என்ற படத்தை எடுத்தார். டெக்ஸாஸிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஊழியம் செய்ய வரும் இளம் கிறிஸ்தவர் இருவர் அதில் உண்டு; மாற்றுத் தெய்வங்களும் பலியும் உண்டு. ஆனால் அந்த இளைஞர்களை விவரமற்றவர்களாகப் பரிகசித்துவிட்டதால், ஹோவியிடம் இருந்த கம்பீரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் மடியும்போது நமக்கு எதுவும் அசைவதில்லை. முதல் படத்தை ஆக்கியவர் கையிலேயே அது திரும்பவும் கூடிவரவில்லை.

ஆகையால் இந்தப் படங்களை அறியாத வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மறு ஆக்கங்களைப் பார்த்துவிட்டு மூலத்தை மதிப்பிட்டுவிடாதீர்கள். 1973ஆம் வருஷத்துப் படத்தை, கிடைத்தால் நீண்ட பிரதியாகவே, அந்த நற்கருணைக் காட்சியைத் தவறவிடாமல் பாருங்கள். நீங்கள் ஆஸ்திகராயினும் நாஸ்திகராயினும், தீ மூண்டபின் எழும் இரண்டு துதிகளில் எது உங்களுடையது என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.