ஆய்வுப் படம்: காட்சியா, உரையா?

அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்பதை ஆராயும் சைவ சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கின்றன. அளவை என்பது உண்மையை அறியும் கருவி. புலன்கள் நேரே தருவது காண்டல், புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்வது கருதல், நம்பத்தக்கவர் சொல்லால் பெறுவது உரை. ஆய்வுக் கட்டுரையில் அச்சாகும் படம் இவற்றுள் எதைச் சேர்ந்தது என்று கேட்டால், கண்ணால் பார்ப்பதால் காண்டல் என்றே பலரும் சொல்வர். அவ்விடை தவறானது, அறிவியலாளருக்கு வரைகலை வடிவமைப்பைக் கற்பிப்போர் முதலில் உணர்த்த வேண்டியதும் அதுவே.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே ஒளிரும் ஆரஞ்சு வளையத்தை உலகம் அன்று வியந்து பார்த்தது. ஆனால் 2017இல் எட்டுத் தொலைநோக்கிகள் பதிவு செய்தவை 1.3 மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குப் புலப்படாத ரேடியோ அலைகள். ஆரஞ்சு நிறமோ அவ்வலைகளின் செறிவைக் குறிக்க ஆய்வாளர் தேர்ந்துகொண்ட அடையாளம். தங்கள் எதிர்பார்ப்பே படமாகிவிடக் கூடாது என்பதற்காக நான்கு குழுக்கள், ஒன்றன் முடிவை மற்றொன்று அறியாதவாறு, தனித்தனியே படத்தை உருவாக்கிய பின்னரே ஒப்பிட்டுப் பார்த்தன. இறுதிப் படம், மூன்று கணிப்பு முறைகள் தந்த படங்களை ஒரே தெளிவுநிலைக்கு மங்கலாக்கிச் சராசரி கண்டது. கருதலில் பிறந்து உரையாக வந்தடைந்த அப்படத்தில், அந்த மங்கல்தான் மிக நேர்மையான பகுதி எனலாம்.

உரை என்றால் அதைச் சொல்பவரின் தகுதி பற்றிய கேள்வி எழுகிறது. நியாய சூத்திரம் என்ற தருக்க நூலுக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்திருத்தலோடு, அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பத்தையும் ஆப்தருக்கு, அதாவது நம்பத்தக்கவருக்கு, இலக்கணமாகச் சொல்கிறார். அறிவும் விருப்பமும் நிரம்பிய ஆய்வாளரும் படத்தில் தவறலாம் என்பதற்கு வானவில் நிறவரிசையே சான்று. வெப்பநிலை சீராக உயரும் பரப்பை அவ்வரிசையால் தீட்டும்போது, மஞ்சள் பட்டை அண்டை நிறங்களைவிடப் பளிச்சென்று தெரிவதால், தரவில் இல்லாத எல்லைக்கோடு ஒன்று கண்முன் எழுகிறது. எண்களில் பிழை ஒன்றும் இல்லாதிருந்தும் வாசகர் பெறும் அறிவு பிழைபடுகிறது. பைதான் மொழியில் வரைபடம் வரைய ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப், 2017இல் தன் இயல்பு நிறவரிசையை மாற்றி, வெளிச்சம் சீராகக் கூடும் விரிடிஸ் வரிசையை ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரை அறநூல் மன்னிக்கலாம். அளவை நூல் மன்னிப்பதற்கில்லை.

தரவு தானே பேசும், அலங்காரம் எதற்கு என்று ஆய்வாளர் சிலர் கேட்பது, வடிவமைப்பை இறுதியில் பூசும் வண்ணமாகக் கருதுவதால்தான். வியன்னா வட்டம் என்ற மெய்யியல் குழுவைச் சேர்ந்த ஒட்டோ நாய்ராத், 1925இல் அந்நகரில் தொடங்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தில் அதற்கு மாறான வழியைக் காட்டினார். மிகுந்த எண்ணிக்கையைப் பெரிய உருவால் காட்டாமல், ஒரே அளவுள்ள பல உருக்களால் காட்ட வேண்டும் என்பது அங்கு விதி. உருவின் உயரத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, கண் பொய்யான விகிதத்தைப் பெற்றுவிடும். நிபுணர் தரும் தரவில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மேரி ரைடெமைஸ்டர் போன்ற மாற்றுநரிடம் இருந்தது. ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் அதன்பின் உருத் தந்தார்.

இன்றைய அறிவியலாளர் பெரும்பாலும் நிபுணர், மாற்றுநர், ஓவியர் ஆகிய மூவராகவும் தாமே இருக்க நேர்கிறது. எனவே மென்பொருளை இயக்கக் கற்பிப்பது மட்டும் போதாது. மாணவர் தம் படத்தை விளக்கக் குறிப்பின்றி வேறு துறையினர் ஒருவரிடம் கொடுத்து, அவர் அதிலிருந்து எந்த முடிவுக்கு வருகிறார் என்று கேட்டெழுதி, தம் தரவு உண்மையில் எதுவரை இடம் தருகிறது என்பதோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடந்தோறும் மீண்டும் வரைய வேண்டும்.